இருதயம்மாள் வீட்டுக் கிணறு

பாடம் எடுக்கிற பள்ளிக்கூடத்தில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வேகவேகமாக வந்தவள், எங்கள் சந்தின் முனையிலேயே நின்றுவிட்டேன். சந்து பளபளவென்று இருந்தது. மூன்று மாதமாகக் கறுப்பாய்த் தேங்கிக் கிடந்த சாக்கடையைக் கழுவித் தள்ளி, ஓரமெல்லாம் பிளீச்சிங் பவுடர் தூவியிருந்தார்கள். வாசலுக்கு வாசல் கோலம். லூயிஸ் அண்ணன் வீட்டிலிருந்து எங்கள் வீடு வரைக்கும் கலர் காகிதத் தோரணம் வேறு. மாதா கோயில் சாமியார் வருடத்துக்கு ஒரு தடவை வீடு மந்திரிக்க வரும்போது கட்டுகிற அதே தோரணம்தான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அதை அப்படியே அறுத்துப் போட்டிருப்பேன். சந்து முழுவதும் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றதால் போடவில்லை.

அன்றைக்கு வரவிருந்தவர் சாமியார் இல்லை. எங்கள் தண்ணீரையும் சாக்கடையையும் பார்த்து எழுதிக்கொண்டு போக வருகிற அதிகாரி.

ராயபுரத்திலிருந்து ஹார்பருக்குப் போகிற ரோட்டில் அதற்கு முந்தின வருடம், 1969இல், ஐந்து மாடிக்கு ஒரு கட்டடம் எழும்பியது. கப்பல் கம்பெனி ஆபீஸ்களுக்கென்று கட்டியது. எங்களுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. லிப்ட் பார்க்கவென்றே குளித்து, பவுடர் போட்டுக்கொண்டு போனவர்கள் நாங்கள். வாட்ச்மேனைத் தாஜா பண்ணி நானும் ஒரு தடவை ஏறியிருக்கிறேன். அப்புறம்தான் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. மொட்டை மாடித் தொட்டி நிறைகிற வரைக்கும் நாற்பது வீட்டுக்கும் பொதுவான எங்கள் தெருக்குழாய் காற்றைத்தான் கக்கும். கட்டடத்துக்குப் பின்னால் இருந்த அவர்களுடைய லாரி ஷெட்டின் எண்ணெயும் கேண்டீனின் கழிவும் எங்கள் சாக்கடைக்கே வரும். அவர்கள் ஆழமாக போர்வெல் இறக்கின மூன்றாவது மாதம் எங்கள் வீட்டுக் கிணறு கெட்டது.

நான்தான் கார்ப்பரேஷனுக்கு மனு எழுதினேன். கையெழுத்தும் கைநாட்டுமாக நாற்பது வீடும் போட்டது. செவ்வாய்க்கிழமை ஒருவர் வந்து பார்ப்பார், அவர் அறிக்கையை வைத்து வேறு லைனிலிருந்து இரண்டாவது குழாய் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவாகும் என்று பதில் வந்தது. இருப்பதை இருக்கிறபடி காட்டுங்கள், அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். ஆனால் வெளியாள் ஒருவர் உள்ளே வந்து பார்க்கப் போகிறார் என்றால் எங்கள் சந்துக்குத் தெரிந்தது ஒரே ஒரு வழிதான். இரண்டு நாளாகச் சேர்த்த தண்ணீரையெல்லாம் ஊற்றி அந்தச் சாக்கடையைக் கழுவியிருக்கிறார்கள். தலைமை தாங்கினது என் அம்மா இருதயம்மாள்.

"வர்றவரு நாளைக்கு நாலு பேராண்ட போய் சொல்லுவாரு. அந்த சந்து கலீஜா கீதுன்னு சொல்லணுமா?" என்று என்னையே கேட்டாள்.

அம்மாவுக்கு அந்தக் கிணறு வெறும் கிணறு இல்லை. நான் பிறந்த வருடம் அப்பா வெட்டினது. ஹார்பரில் கிரேன் ஓட்டிவிட்டு வந்து, சாயங்கால வெளிச்சம் இருக்கிற வரைக்கும் ஆட்களோடு அவரும் இறங்கி மண் அள்ளினாராம். கடல் கூப்பிடு தூரம். உப்புத்தான் வரும், சிலுவைமுத்துக்குக் கிறுக்கு என்று சிரித்தவர்கள் எல்லாரும் முதல் வாளித் தண்ணீரைக் குடித்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள். அப்படி ஒரு இனிப்பு. கடலுக்குப் போகிறவர்கள் எங்கள் வீட்டில்தான் குடத்தை நிரப்பிக்கொண்டு போவார்கள். கல்யாண வீட்டுப் பிரியாணிக்குக்கூட இந்தத் தண்ணீர்தான் வேண்டும் என்று காஜா மொய்தீன் பாய் ஆள் அனுப்புவார். ஒரு பானை வைத்தால் அரிசி மல்லிகைப்பூவாய் வெந்துவிடும். அப்பா போன பிறகும் அம்மா யாருக்கும் இல்லையென்று சொன்னதில்லை. அந்தத் தண்ணீரை இன்று நினைத்தாலும் என் நாக்கில் இனிப்பு வந்துவிடுகிறது. கெட்டதும் அம்மா கிணற்றைப் பலகையால் மூடிவிட்டு, வாரம் ஒருமுறை ரயில்வே குடியிருப்பில் இருந்த சித்தி வீட்டுக்குப் போய்க் குடத்தில் கொண்டுவர ஆரம்பித்தாள். யாராவது கேட்டால் தங்கச்சியைப் பார்க்கப் போனேன் என்பாள்.

அதிகாரியின் பெயர் அய்யாத்துரை. முப்பது வயது இருக்கும், திருநெல்வேலிப் பக்கம். வெயிலில் நடந்தே வந்திருந்தார். வீடு வீடாக நின்று மரியாதையாகத்தான் விசாரித்தார். எங்கள் ஜனங்களும் மரியாதையில் குறைவைக்கவில்லை. ஒரு குறையும் இல்லை சார், முன்னே பின்னே வரும், சமாளித்துக்கொள்வோம் என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார்கள். மனுவில் முதல் கையெழுத்துப் போட்ட லூயிஸ் அண்ணன் சோடா உடைத்துக் கொடுத்தார். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைப்பது என்பார்களே, அதை என் கண் முன்னால் சந்தே கூடிச் செய்தது.

கடைசியில் எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா சித்தி வீட்டுக் குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு கொடுத்தாள். ஒரே மூச்சில் குடித்தார்.

"நீங்க எழுதுனதுக்கும் இங்க இருக்கதுக்கும் சம்பந்தமே இல்லையே டீச்சர். நான் கண்ணால பாத்தத தான எழுத முடியும்?" என்று பேனாவைத் திறந்தார்.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. கொல்லைக்குப் போய்ப் பலகையைத் தள்ளி, ஒரு வாளி இறைத்து அவர் முன்னால் கொண்டுவந்து வைத்தேன். மண்ணெண்ணெய் நாற்றம் கூடத்தை நிறைத்தது. ஒரு டம்ளரில் மொண்டு நீட்டி, இதுதான் எங்கள் கிணற்றுத் தண்ணீர், நீங்கள் குடித்தது வேறு வீட்டிலிருந்து வந்தது என்று சொல்லிவிட்டேன். வாசலில் நின்றவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். அம்மா முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

அவர் கை நீட்டுவதற்குள் அம்மா அந்த டம்ளரை என்னிடமிருந்து பிடுங்கினாள். அண்ணாந்து மடமடவென்று முழுவதையும் குடித்தாள். கண்ணில் நீர் கட்டிவிட்டது. முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"எங்க வூட்டுக்காரரு வெட்டின கெணறு நைனா. இதுக்கு இன்னா கொற? நல்லா தான் கீது."

குழாய் போயிற்று என்று நினைத்தேன். அதைவிட, அம்மாவை நாலு பேர் முன்னால் இந்த நிலைக்குக் கொண்டுவந்துவிட்டோமே என்றிருந்தது. அய்யாத்துரை எதுவும் எழுதவில்லை. வாளியைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார்.

"அப்பம் எனக்கும் அதுலயே ஒரு டம்ளர் தாங்க பெரியம்மா. தாகம் அடங்கல."

கேட்டவருக்கு இல்லையென்று சொல்லிப் பழகாத கை, தானாகக் குனிந்து வாளியில் மொண்டது. இரண்டு எட்டு எடுத்துவைத்து அவர் பக்கத்தில் போனாள். அவர் கையை நீட்டியபடி காத்திருந்தார். அம்மா டம்ளரைக் கொடுக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. இடது உள்ளங்கையால் அதன் வாயை இறுக்கி மூடிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி அங்கேயே நின்றாள்.