நாற்பத்தோராவது ஆள்

கடிதத்தில் “ஹண்ட்ரட்ஸ்” என்று அடிக்கும்படி சவுந்தரநாயகம் சொன்னதுமே பேர்ணடெற்றுக்குக் கை ஓடவில்லை. கொட்டாஞ்சேனையில் அன்று விடியற்காலை நடந்த பொலிஸ் சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போனது நாற்பத்தொரு பேரை. வீடு வீடாகப் போய்ப் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் கேட்டு எழுதியவள் அவள். பகலில் கப்பல் கொம்பனியில் டைப்பிஸ்ட். ஒவ்வொரு சுற்றிவளைப்புக்குப் பிறகும் நலன்புரிச் சங்கத்துக்குப் பட்டியல் அடித்துக் கொடுப்பதும் அவள்தான். இந்த முறை இருபத்தாறாவது பெயர் அவளுடைய புருஷன் சிறில்.

“நாப்பத்தொரு பேர்தானே அங்கிள்? பேரெல்லாம் கையிலை இருக்கு. அதையே அடிப்பம்.”

“நாப்பத்தொண்டு எண்டால் ஆர் பிள்ளை திரும்பிப் பாப்பான்? ஹண்ட்ரட்ஸ் எண்டு அடியும். இங்கிலீசிலை அதை ஒருத்தரும் எண்ணிப் பாக்கிறேல்லை. கனபேர் எண்டதுக்குத்தான் அப்பிடிப் போடுறது. பட்டியலை இணைச்சால் விசயம் சின்னனாப் போயிடும்.”

சங்கத் தலைவர் அவர். இங்கிலீஷ் கடிதம் என்றால் தன்னை விட்டால் ஆளில்லை என்ற நினைப்பும் அவருக்கு உண்டு. அவருடைய மகன் கிளறன்ஸும் பட்டியலில் இருந்தான். பெற்ற மனம் கிடந்து பதைக்கிறது என்று இரக்கப்பட்டு, பேர்ணடெற் அவர் சொன்னபடியே அடித்தாள். நூற்றுக்கணக்கான அப்பாவித் தமிழர்கள். கடிதம் அமைச்சுக்கும் பத்திரிகைகளுக்கும் போனது. பட்டியல் மேசை லாச்சிக்குள் கிடந்தது.

நான்காம் நாள் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கிளறன்ஸ் வந்தான், மூலைக்கடை நாகேந்திரம் வந்தார், சாப்பாட்டுக் கடையில் பரோட்டா போடும் காளியப்பன் வந்தான். சிறில் வரவில்லை.

ஐந்தாம் நாள் பேப்பரில் அமைச்சின் பதில் வந்தது. நூற்றுக்கணக்கானோர் கைது என்பது அப்பட்டமான பொய். விசாரணைக்கு அழைத்தது நாற்பது பேரை மட்டுமே. நாற்பது பேரும் வீடு திரும்பிவிட்டார்கள்.

பேர்ணடெற் அதை மூன்று தரம் வாசித்தாள். பொய் என்று சொல்ல அவர்களுக்கு வழி திறந்து கொடுத்தது யார்? அடித்த கை அவளுடையதுதானே! நூற்றுக்கணக்கு என்று கத்தியவர்கள், ஒருவன் குறைகிறான் என்று இனிச் சொன்னால் எவன் நம்புவான்? பேப்பரைச் சுருட்டிக்கொண்டு சவுந்தரநாயகம் வீட்டுக்குப் போனாள்.

கிளறன்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டான்.

“கிளறன்ஸ், சிறிலும் உன்னோடை ஒரே லொறியிலைதானே போனவர்? அதை எழுதி ஒரு கையெழுத்துப் போட்டுத் தா.”

“பிள்ளை, கத்தாதையும்,” என்று குறுக்கே வந்தார் தகப்பன். “வெளியிலை வந்தவனைத் திருப்பி உள்ளை தள்ளச் சொல்லுறீரா? நான் இன்னொரு கடிதம் எழுதித் தாறன். தௌசன்ட்ஸ் எண்டு போடுவம். முழுக் கொழும்பிலையும் எண்டு.”

“ஆயிரம் பேருக்காக எழுதுவியள், ஒருத்தனுக்குக் கையெழுத்துப் போடமாட்டியள்! வெக்கமா இல்லையா அங்கிள்? உங்கடை பிள்ளை வந்திட்டான், அதுக்குப் பிறகு உங்களுக்கு நாப்பதும் ஒண்டுதான், நானூறும் ஒண்டுதான்.”

லாச்சியிலிருந்த பட்டியலை எடுத்துக்கொண்டு மற்ற முப்பத்தொன்பது பேரின் கதவையும் தட்டினாள். சிலர் ஆள் இல்லை என்று சொல்லச் சொன்னார்கள். சிலர் அழுதார்கள். சிறிலோடு பன்னிரண்டு வருஷம் கோயிலில் ஒரே வாங்கில் பக்கத்தில் இருந்து பூசை கண்டவர், இருட்டில் முகம் தெரியவில்லை என்றார். விடிந்த பிறகுதான் ஏற்றினார்கள் என்பது ஒழுங்கையில் எல்லா வீட்டுக்கும் தெரியும். அவள் காறித் துப்பாத குறையாகத் திரும்பினாள்.

காளியப்பன் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு தானாகவே வந்தான். “குடுங்கக்கா, போடுறேன். லொறியில சிறில் அண்ணன் எம் பக்கத்துலதான் குந்தியிருந்தாரு. அவரு தண்ணியத்தான் எனக்குக் குடுத்தாரு.” மலைநாட்டிலிருந்து வந்து, கொழும்பில் தங்குவதற்கான பொலிஸ் பதிவு கூட இன்னும் சரிவராதவன், எல்லோரையும் விடப் பயப்பட வேண்டியவன் அவன்தான். அவனுக்குப் பிறகு நாகேந்திரம் போட்டார். ஆஸ்பத்திரி லேனில் லொட்ஜ் வைத்திருக்கும் பூபாலசிங்கம் போட்டார். அவ்வளவுதான்.

பொலிஸ் நிலையத்தில் சார்ஜன்ட் மூன்று கையெழுத்துப் போட்ட கடிதத்தை வாங்கிப் பார்த்துச் சிரித்தான். பேப்பரில் நூற்றுக்கணக்கு என்றல்லவா இருந்தது, அதெல்லாம் எங்கே என்று சிங்களத்தில் கேட்டான்.

“எக்கெனய், சேர்,” என்றாள். ஒரே ஒருத்தர். “கண்டவர்கள் மூன்று பேர். பெயர், விலாசம், இலக்கம் எல்லாம் இருக்கிறது. லொறியில் ஏற்றிய நாற்பத்தொரு பேரின் பட்டியலும் இருக்கிறது. எந்த இலக்கம் பொய் என்று காட்டுங்கள்.” சிங்களம் அவளுக்குத் தண்ணீராக வரும்.

சார்ஜன்ட் சிரிப்பை நிறுத்தினான். பட்டியலை ஒரு தரம் பார்த்தான், அவளை ஒரு தரம் பார்த்தான். பிறகு தடித்த புத்தகம் ஒன்றை இழுத்து, அடையாள அட்டை இலக்கத்தைப் பார்த்துப் பார்த்து விரலைக் கீழே இறக்கினான். மூன்றாம் பக்கத்தில் விரல் நின்றது.

“இன்னவா,” என்றான். இருக்கிறான். வேறு இடத்துக்கு மாற்றியிருக்கிறார்களாம்.

பேர்ணடெற் நன்றி சொல்லவில்லை. அந்த இலக்கம் ஐந்து நாளும் லாச்சிக்குள்தான் கிடந்தது. மேசையிலிருந்த வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

“அவருடைய பெயரைப் போட்டு, எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று எழுதித் தாருங்கள்,” என்றாள்.