நிற்காத காரும் பாதியில் நின்ற பதிவும்

அண்ணனுடைய கார் மூன்று வருஷம் எட்டு மாதமாக நிற்கவில்லை. ஒரு புதன்கிழமை மதியம் இரண்டே காலுக்குக் கிளம்பியது, ஊரைச் சுற்றியிருக்கும் பதினான்கு கிலோமீட்டர் சாலையில் நாற்பது வேகத்தில் போய்க்கொண்டே இருந்தது. பெட்ரோல் முள் பாதியை விட்டு அசையவில்லை. பிரேக்கை மிதித்தால் தலையணையை மிதித்ததுபோல் உள்ளே போனது. சாவியைத் திருகினால் சாவி மட்டும் கையோடு வந்தது. கதவு திறக்கவில்லை, கண்ணாடி இறங்கியது. அவன் தூங்கும்போது ஸ்டியரிங் தானே வளைந்து கொடுத்தது. போக்குவரத்துக் காவலர்கள் முதல் வாரம் துரத்தினார்கள், இரண்டாவது வாரம் கையசைத்தார்கள், மூன்றாவது மாதத்திலிருந்து அவன் கடப்பதைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டார்கள். அவன் வாகனக் காப்பீட்டு முகவர். வேலையை போனிலேயே தொடர்ந்தான், முன்பைவிட நன்றாகவே நடந்தது. அண்ணி வேளாவேளைக்கு ஸ்கூட்டரில் பக்கத்தில் போய் ஜன்னல் வழியாகச் சாப்பாடு கொடுத்தாள். மற்றதையெல்லாம் எப்படிச் சமாளிக்கிறான் என்று கேட்டவர்களுக்கு அவள் பதில் சொன்னதில்லை.

இதற்கான காரணம் அவன் தங்கைக்கு மட்டும் தெரியும். உதிரிபாகக் கடை கவுன்ட்டரில் வேலை பார்த்தவள், ‘நாலு சக்கரம்’ என்று ஒரு வலைப்பதிவு எழுதிவந்தாள். எந்த வண்டி எத்தனை குதிரைத்திறன் என்பதெல்லாம் அதில் இருக்காது. வேலை நேரம் முழுக்க சைரன் அலற ஓட்டிவிட்டுச் சொந்தக் காரில் ஹார்னையே தொடாத ஆம்புலன்ஸ் டிரைவர், விவாகரத்துக்குப் பிறகும் ஒரே காரில் வேலைக்குப் போன கணவன் மனைவி, இப்படி ஊரின் கார்களையும் அவற்றுக்குள் இருப்பவர்களையும் பற்றி எழுதினாள். அண்ணன் வண்டிகளைத் தேடிப் பிடிப்பான், இவள் எழுதுவாள். கடைசிப் பதிவு அவர்கள் அப்பாவின் பழைய காரைப் பற்றியது. ஒன்பது வருஷம் ஷெட்டில் கிடந்ததை அண்ணன் பட்டறையில் விட்டு உயிர்ப்பித்து, முதல்முறையாக ஓட்டிக்கொண்டே போனில் ஒவ்வொன்றாகச் சொன்னான். அவள் கேட்கக் கேட்கக் கம்ப்யூட்டரில் தட்டச்சினாள். ‘அண்ணன் நான்காவது கியருக்கு மாற்றினான். வண்டி சத்தமில்லாமல் நாற்பதைப் பிடித்தது. பிறகு’ என்பது வரை வந்தபோது வாசகர் ஒருவர் அனுப்பிய பத்திரிகைப் பேட்டி திரையில் வந்து விழுந்தது. அண்ணனின் படம். ‘நாலு சக்கரம்’ எழுதுபவர் என்று போட்டிருந்தது. உட்கார்ந்தால் வார்த்தை தானாக வரும் என்று சொல்லியிருந்தான். கடைசி வரியில், தட்டச்சு செய்து உதவும் தங்கைக்கு நன்றி. அவள் போனைத் துண்டித்தாள், பாதிப் பதிவை அப்படியே வெளியிட்டாள், கம்ப்யூட்டரை மூடினாள்.

பதிவு முடியாததால்தான் கார் நிற்கவில்லை என்று அன்று சாயங்காலமே அவளுக்குப் புரிந்துவிட்டது. சுத்தட்டும் என்று ஒரு வாரம் இருந்தாள். இரண்டாவது வாரம் சொல்ல வெட்கமாக இருந்தது. ஒவ்வொரு மாதம் போகப் போக, ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது. கடைசியில் அந்தச் சாலைப் பக்கமே போகாமல் சந்து வழியாகக் கடைக்குப் போகப் பழகிவிட்டாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு அண்ணி மூச்சிரைக்கக் கவுன்ட்டருக்கு வந்தாள். டயர் கடைக்காரர் பைக்கில் பக்கத்தில் போய்ப் பார்த்திருக்கிறார். முன் டயரில் கம்பி தெரிகிறது, மதியம்வரைகூடத் தாங்காது, மேம்பாலத்தில் வெடித்தால் நேராகக் கீழேதான் என்று சொல்லியிருக்கிறார்.

“ஓடுற வண்டிக்கு டயர் மாத்த ஏதாவது வழி இருக்கா?” என்று கேட்டாள்.

தங்கை கையிலிருந்த பில்டரைக் கீழே வைத்தாள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். அண்ணி கவுன்ட்டரைப் பிடித்துக்கொண்டாள்.

“உனக்குத் தெரியுமா? இவ்வளவு நாளா தெரியுமா?”

“தெரியும் அண்ணி.”

“அழாத. அதுக்கெல்லாம் அப்புறம் நேரம் இருக்கு. அதைத் திற.”

பாஸ்வேர்டு மறந்துபோயிருந்தது. புதிதாக வாங்க வேண்டுமென்றால் ஆறு இலக்க எண் வரும். கணக்கை ஆரம்பித்தவன் அண்ணன் என்பதால் அது அவன் போனுக்குத்தான் போகும். கேட்டுச் செய்தி அனுப்பினாள். ‘நேர்ல வந்து கேளு’ என்று பதில் வந்தது.

அண்ணி ஸ்கூட்டரை முறுக்கினாள். பின்னால் மடிக்கணினியைத் தொடையில் அழுத்திப் பிடித்துத் தங்கை உட்கார்ந்திருந்தாள். டயர் ஒவ்வொரு சுற்றுக்கும் தொப் தொப் என்று அடிப்பது தூரத்திலேயே கேட்டது. ஜன்னல் பக்கத்துக் கன்னம் மட்டும் வெயிலில் கறுத்து, அண்ணன் வேறு யாரோ போலிருந்தான்.

“நம்பரச் சொல்லுண்ணா.”

“எழுதறது நீதான்னு சொல்லத்தான் வாயெடுத்தேன். அந்தப் பத்திரிகைக்காரன் போட்டோ எடுக்க ஆரம்பிச்சதும் கம்முனு இருந்துட்டேன்.”

“அத நின்னு சொல்லு.”

“நிக்க விட்டியா நீ?”

“ரெண்டு பேரும் வாய மூடுங்க!” என்று கத்தினாள் அண்ணி. “நம்பர்!”

“நாலு, ஏழு, ஏழு, ஒண்ணு, மூணு, எட்டு.”

பக்கம் திறந்தது. பதிவின் கீழே இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் ‘பிறகு?’ என்று கேட்டிருந்தார்கள். அவள் ‘வண்டி நின்றது’ என்று அடித்தாள். வெளியிடும் பொத்தானுக்கு விரல் போன நேரத்தில் பின்னால் வந்த லாரியைப் பார்த்தாள். நாற்பதிலிருந்து ஒரே நொடியில் நின்றால் லாரி ஏறிவிடும். ஏறாவிட்டாலும் அண்ணன் முன் கண்ணாடி வழியாக வெளியே போவான். அழித்தாள். மேம்பாலம் தெரிய ஆரம்பித்தது. டயரிலிருந்து ஒரு துண்டு பிய்ந்து ஸ்கூட்டர் மேல் அடித்தது. இத்தனை வருஷம் ஒரு வரிகூட எழுதாத கை, எழுத்துகளைத் தப்பாகவே தொட்டது.

‘பிறகு அண்ணன் காலை மெல்ல எடுத்தான். கியர் மூன்றுக்கு வந்தது, இரண்டுக்கு வந்தது. பாலத்துக்கு முன்னால் பஸ் நிறுத்தத்தில் இடம் இருந்தது. அங்கே ஓரங்கட்டினான். வண்டி நின்றது.’

“அனுப்பிட்டியா?”

திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. பஸ் நிறுத்தம் நூறடியில் இருந்தது. அப்புறம் அறுபது. வட்டம் மறைந்தபோது எஞ்சினின் சத்தம் இறங்கியது, லாரி ஹார்ன் அடித்து விலகிப் போனது, கார் நிறுத்தத்தில் ஒதுங்கி நின்றது. நின்ற பிறகுதான் டயர் உஸ்ஸென்று படுத்தது.

அண்ணன் கதவைத் திறந்து கால் வைத்தான். தரை நகராததால் விழுந்தான். அண்ணி முதலில் அவன் தோளில் இரண்டு அடி போட்டாள், அப்புறம் கட்டிக்கொண்டாள். தங்கை தள்ளியே நின்றாள்.

“மொத நாளே எனக்குத் தெரியும்ணா” என்றாள்.

“தெரியும்” என்றான் அவன். “ரோட்டோரம் நின்ன. என்னைப் பார்த்துட்டுத் திரும்பிப் போயிட்ட.”

அதற்குப் பிறகு நான்கு மாதம் அவன் அவளோடு பேசவில்லை. அவள் அதை நியாயம் என்றே எடுத்துக்கொண்டாள். பத்திரிகைக்கு அவனே எழுதித் திருத்தம் போட வைத்தான். அதையும் அவளிடம் சொல்லவில்லை. அவள் தன் பெயரில் வாரம் ஒன்று எழுதினாள். ஒவ்வொரு பதிவையும் முடித்துவிட்டுத்தான் தண்ணீர் குடிக்க எழுந்தாள். ஐந்தாவது மாதம் அண்ணன் கவுன்ட்டருக்கு வந்து, சவ வண்டி டிரைவர் ஒருத்தர் வண்டிக்குள்ளே பாட்டு கற்றுக்கொள்கிறாராம், வர்றியா என்று கேட்டான். அவள் கடையை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாள்.

கார் அந்தப் பஸ் நிறுத்தத்திலேயே நிற்கிறது. நான்கு டயரும் மாற்றிப் பார்த்தார்கள், இரண்டு இழுவை வண்டிகள் சங்கிலி அறுந்து திரும்பிப் போயின, கிரேனுக்கும் தூக்க வரவில்லை. நகராட்சியிலிருந்து ஆள் வந்து அதைச் சுற்றி வெள்ளைக் கோடு போட்டார், நிழற்குடையை இருபதடி தள்ளி வைத்தார். இப்போது பஸ்ஸில் வருகிறவர்கள் ‘கார் ஒண்ணு’ என்று கேட்கிறார்கள், நடத்துனரும் அந்த நிறுத்தத்துக்கான டிக்கெட்டைக் கிழித்துக் கொடுக்கிறார்.