ஹாண்டிலில் ஓடிய வள்ளம்

என் கணவரின் தம்பி றஜீபனுடைய மோட்டார் சைக்கிளைப் பார்க்கிற எவருக்கும் முதலில் சிரிப்புத்தான் வரும். ஹாண்டிலில் ஓர் அங்குலம் வெறுமையாக இராது. நடுவில் போன் ஹோல்டர், பக்கத்தில் சார்ஜ் ஏற்றுகிற பெட்டி, இடதுகைப் பக்கம் ஒரு மணிக்கூடு, வலதுகைப் பக்கம் நிறம் மாறுகிற லைட், கண்ணாடிக் கம்பியில் ஒரு செபமாலை. கோயில் திருநாளுக்குக்கூட எங்கள் ஊரில் இவ்வளவு சோடனை கட்டமாட்டார்கள்.

"நீ பிடிச்சு ஓட இடம் மிச்சமிருக்கோடா?" என்று கேட்பேன். அவன் கோபிக்கமாட்டான். பிஸ்கட் கொம்பனிக்குக் கடை கடையாக ஓடர் எடுக்கிற வேலை அவனுக்கு. ஊர்காவற்றுறை, வேலணை, குறிகட்டுவான், யாழ்ப்பாணம் என்று நாள் முழுக்க ஓட்டம். எல்லாம் தேவைதான் என்பான். கையிலும் மணிக்கூடு, ஹாண்டிலிலும் மணிக்கூடு ஏன் என்றால் மட்டும் பல்லைக் காட்டுவான்.

அந்தச் சோடனைக்குள் ஒரு புதுச் சாமான் வந்து சேர்ந்த அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது என் கணவர் ஜெனிஸ்ரனின் ஜிபிஎஸ். கடலில் வழி பார்க்கவும் வலை போட்ட இடத்தைக் குறித்து வைக்கவும் அவர் கொண்டுபோகிறது.

மாசி மாதத்து விடியல் ஒன்றில் அவர் எங்கள் ஊர் மெலிஞ்சிமுனையிலிருந்து தனியாகக் கடலுக்குப் போனார். கூடப் போகிறவனுக்குக் காய்ச்சல். பின்னேரம் எழுவைதீவுக்காரர் வெறும் வள்ளத்தைக் கண்டு கட்டியிழுத்து வந்தார்கள். வலை பாதி வள்ளத்துக்குள்ளும் பாதி தண்ணீருக்குள்ளும் கிடந்ததாம். ஆள் இல்லை. ஊர் வள்ளமெல்லாம் தேடின, நேவியும் தேடியது. பிறகு எல்லாரும் விட்டுவிட்டார்கள். நான் மட்டும் விடவில்லை என்று சொல்ல ஆசைதான். ஆனால் நானும் விட்டேன். அடுப்பு மூட்ட வேண்டியிருந்தது.

விசாரணை முடிந்து வள்ளத்தைத் திருப்பித் தந்தபோது, பலகைக்குக் கீழே பொலித்தீன் பையில் சுற்றியபடி ஜிபிஎஸ் இருந்தது. பற்றரி இறங்கிப்போயிருந்தது. "மச்சாள், இதை நான் வைச்சிருக்கட்டோ?" என்று றஜீபன் கேட்டான். அலுமாரிக்குள் வைக்கப்போகிறான் என்று நினைத்து, ஓம் என்றேன். அடுத்த நாளே அது ஹாண்டிலில் ஏறிவிட்டது.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "கடலில ஓடுற சாமானுக்கு றோட்டில என்னடா வேலை? மெலிஞ்சிமுனையில இருந்து ஊர்காவற்றுறைக்குப் போக உனக்கு வழி தெரியாதோ?"

"அண்ணன்ர சாமான் செத்துப்போய்க் கிடக்கக் கூடாது மச்சாள்," என்றான். "சைக்கிள் பற்றரியில இருந்து வயர் இழுத்திருக்கிறன். இனி இது நூராது, நிக்காமல் ஓடும்."

திரையைத் திருப்பிக் காட்டினான். சின்ன வள்ளம் ஒன்று, அது நகர நகரப் பின்னால் ஒரு கோடு. "கடலுக்கு நடுவால பண்ணைப் பாலத்தில போகேக்கை பாக்கவேணும் மச்சாள். இது றோட்டைக் காட்டாது, கடலுக்குள்ள போறமாதிரித்தான் காட்டும். அந்த நேரம் அண்ணன் என்னோட வாறமாதிரிக் கிடக்கும்." அதற்குமேல் அவனோடு என்ன சண்டை பிடிக்கிறது?

ஐப்பசி பிறந்ததும் எனக்கு வேறு கவலை பிடித்தது. ஆத்துமாக்கள் திருநாளுக்கு எல்லாரும் செத்தவர்களைப் புதைத்த சேமக்காலைக்குப் போவார்கள். புல்லுச் செருக்கி, சுண்ணாம்பு அடித்து, தங்கள் தங்கள் ஆட்களின் தலைமாட்டில் மெழுகுதிரி கொளுத்துவார்கள். நான் யாருடைய தலைமாட்டில் கொளுத்துகிறது? அவர் விழுந்த இடத்திலாவது ஒரு பிடி பூப் போட வேண்டும். இந்த ஆசை வந்தபிறகு எனக்கு வேறொன்றும் ஓடவில்லை. குருசுமுத்து அண்ணையிடம் போனேன். ஜெனிஸ்ரனுக்குத் தொழில் பழக்கியவர், சொந்தமாக வள்ளம் வைத்திருக்கிறவர்.

"அதுக்கென்ன பிள்ளை, எழுவைதீவுப் பக்கம் போய்ப் போட்டிட்டு வருவம்," என்றார்.

"அது வள்ளம் கிடந்த இடம் அண்ணை. அவர் விழுந்த இடமில்லை."

அவர் திடீரென்று, "அவன்ர ஜிபிஎஸ் எங்கை?" என்று கேட்டார். "வள்ளம் போன பாதை முழுக்க அதுக்குள்ள கோடா விழுந்திருக்கும். ஆள் பிடிச்சு ஓட்டினாக் கோடு நேராப் போகும். ஆளில்லாத வள்ளம் காத்துக்கு அலையும், கோடும் அலையும். நேர்க்கோடு எங்கை முடியுதோ அதுதான் இடம். ஆளைத் தேடின அந்தர அவசரத்தில எங்களுக்கு இது மூளையில ஏறேல்லை."

அன்றைக்கு எனக்குப் பசித்தது. மாதக்கணக்காக வராத பசி. இரண்டுதரம் போட்டுச் சாப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எங்கள் முற்றத்தில் றஜீபன் சைக்கிளை நிறுத்தினான். குருசுமுத்து அண்ணை ஹாண்டிலுக்கு மேல் குனிந்து பொத்தான்களை அமத்தினார். முதலில் ஜெனிஸ்ரன் குறித்து வைத்த இடங்களின் பெயர்கள் வந்தன. ஒன்றில் ஆங்கில எழுத்தில் 'மாமி' என்று கிடந்தது.

"இது ஆரெண்டு தெரியுமோ பிள்ளை? உன்ர அம்மாதான். தண்ணிக்கு அடியில கிடந்து வலையைக் கிழிக்கிற கற்பார் ஒண்டு. அதுக்கு அவன் வைச்ச பேர்."

நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்போடு கண்ணும் நிறைந்தது. அவரே பக்கத்தில் நின்று பகிடி விடுவது போல இருந்தது.

பிறகு அண்ணை வேறொரு பொத்தானை அமத்தினார். திரும்ப அமத்தினார். நான் எட்டிப் பார்த்தேன். தீவுக்குள் றஜீபன் ஓடித் திரிந்த வழியெல்லாம் கோடுகள் மொய்த்துக் கிடந்தன. ஒன்றுக்குமேல் ஒன்றாக, தடித்த கயிறு மாதிரி. கடலில் ஒரு கோடுகூட இல்லை.

"கோட்டுக்கு இதுக்குள்ள இவ்வளவுதான் இடம்," என்றார் அவர், யாருடைய முகத்தையும் பார்க்காமல். "நிரம்பினாப் பழசை அழிச்சுப்போட்டுப் புதுசைக் கீறும். நாங்கள் கரைக்கு வந்தவுடன நூத்துப்போடுவம். இது நிக்காமல் ஓடியிருக்கு."

றஜீபனுக்கு விளங்கக் கொஞ்சநேரம் எடுத்தது. விளங்கியதும் இரண்டு கையாலும் அதைப் பிடித்து இழுத்தான். அவனே முறுக்கிய ஆணி, அசையவில்லை. அப்படியே மண்ணில் குந்திவிட்டான். "நான்தான் மச்சாள்… நானே அண்ணனை அழிச்சுப்போட்டன்."

அந்த நிமிடம் அவனை வெறுத்தேன். அந்த மணிக்கூட்டை, லைட்டை, அவன் இழுத்த வயரை எல்லாம் வெறுத்தேன். அவன் மட்டும் அண்ணன்மேல் இவ்வளவு பாசம் வைக்காமல் இருந்திருந்தால், அது செத்தபடி அலுமாரிக்குள் கிடந்திருக்கும், எனக்கும் ஓர் இடம் கிடைத்திருக்கும். "கழட்டாதை. இனி என்னத்துக்குக் கழட்டுறாய்?" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய், கழுவின சட்டியைத் திரும்பக் கழுவினேன்.

ஆத்துமாக்கள் திருநாளன்று பூசை முடிந்து எல்லாரும் சேமக்காலைக்குள் போனார்கள். நான் பூப்பையோடு வெளியே நின்றேன். கேற்றடியில் றஜீபன் சைக்கிளோடு நின்றான். மெலிந்துபோயிருந்தான். அன்றைக்குப் பிறகு என்னோடு கதைக்கப் பயந்து திரிகிறவன். நான் போய்ப் பின்னால் ஏறிக்கொண்டேன்.

"எங்கை மச்சாள்?"

"பண்ணைப் பாலத்துக்கு விடு."

வழி முழுக்க அவனுடைய தோளுக்கு மேலால் திரையைப் பார்த்துக்கொண்டே போனேன். பனங்காணிகளுக்குள்ளாலும் வளவுகளுக்குள்ளாலும் அந்தச் சின்ன வள்ளம் போய்க்கொண்டிருந்தது. பண்ணைப் பாலத்தில் ஏறியதும் அவன் சொன்னபடியே தரை மறைந்தது. சுற்றிவரக் கடல், நடுவில் வள்ளம். அவனுடைய தோளைத் தட்டினேன். நிறுத்தினான்.

இறங்கிப்போய்க் கல்லில் நின்று பூவைக் கொட்டினேன். சற்றுத் தள்ளி ஒருவர் வீச்சுவலையோடு தண்ணீருக்குள் நின்றார். அவருக்கு முழங்காலுக்குமேல் நனையவில்லை. அந்தத் தண்ணீரில் யாரும் சாகமுடியாது. பூவும் தாழவில்லை. காற்று அதைத் திரும்ப என் காலடிக்கே ஒதுக்கிக்கொண்டு வந்தது.

"மச்சாள்," என்றான் றஜீபன். "இதை நூத்துவிடட்டோ?"

திரையைப் பார்த்தேன். வள்ளம் அசையாமல் நின்றது. பின்னால் மட்டும் கோடு.

"ஓம். நூத்துவிடு."

அவன் பொத்தானை அமத்திப் பிடித்தான். திரை கறுத்தது. ஜெனிஸ்ரன் இனி வரமாட்டார் என்று அப்போதுதான் ஒருவர் என் வாசலுக்கு வந்து நேரில் சொன்னது போல இருந்தது.