பவுனக்கா வீட்டுச் சாவி

ஞாயித்துக்கிழமை விடிஞ்சதுல இருந்தே எஸ்தர் வாசலுக்கும் உள்ளுக்குமா நடந்துக்கிட்டு இருந்தா. சர்வே எடுக்குற நிதின் இன்னைக்கி பவுனக்கா வீட்டுக்குத் திரும்ப வரப்போறான். வந்தவன் வாயத் தொறந்துட்டா அவ கதை அவ்வளவுதான்.

யுனிவர்சிட்டிக்குப் பின்னால இருக்குற அவங்க சந்து மொத்தத்தையும் இடிக்கப்போறாங்க. ஒரு பக்கம் ஆபீஸும் ஸ்டூடண்ட்ஸ் ஹாஸ்டலும், இன்னொரு பக்கம் சந்துக்காரங்களுக்கு மாடி வீடும் வருது. வீடு வேணும்னா சர்வே அன்னைக்கி உள்ள ஆள் இருக்கணும். பூட்டிக் கெடந்தா கதவுல செவப்பு பெயிண்ட்ல பெருக்கல் குறி போட்டுட்டுப் போயிடுவாங்க. அந்த வீடு கணக்குல கிடையாது. பக்கத்துச் சந்த இடிச்சப்ப எஸ்தரோட சித்தி அப்படித்தான் வீட்ட விட்டுட்டு, இப்ப ஊருக்கு வெளிய சாகண்ல வாடகைக்குக் கெடக்குறா.

அதனால வேலைக்குப் போறவங்க பக்கத்து வீட்ல சாவியக் குடுத்துட்டுப் போறது பழக்கமாச்சு. சர்வேக்காரன் தலை தெரிஞ்சதும் ஓடிப்போயி கதவத் தொறந்து, ஃபேனப் போட்டு, அடுப்புல பாலையும் வச்சுடுவாங்க. "இப்பத்தான் கடைக்குப் போனாங்க"ன்னு ஒரே பாட்டு.

பவுனக்காவுக்குன்னு யாரும் இல்ல, இந்த ஒத்த ரூம்தான். வேலை ரஞ்சன்காவ் ஃபேக்டரில, இருட்டோட கம்பெனி பஸ் வந்துரும். போன வாரம் சர்வே அன்னைக்கி சாவியப் பக்கத்து வீட்டு எஸ்தர் கைல திணிச்சா.

"ஏட்டி, ஒன்ன நம்பித்தான் போறேன். செல்லப் பாத்துக்கிட்டு ஒக்காந்துராத."

"போங்கக்கா, நான் என்ன சின்னப்புள்ளையா?"

கொஞ்ச நேரத்துல கூடப் படிக்கிற ஹர்ஷா போன் பண்ணுனா. சித்தி வீடு இருந்த எடத்துல எழும்பியிருக்குற கண்ணாடிக் கட்டடத்துல காபி கடைக்கு ஆள் எடுக்குறாங்க, மேனேஜர் இப்பவே வரச்சொல்றாருன்னா. சர்வே மத்தியானத்துக்கு மேலதான் வரும்னு எஸ்தர் தானா நெனச்சுக்கிட்டா. சாவிய யார்கிட்டயாவது குடுத்துட்டுப் போயிருக்கலாம். அது ஜீன்ஸ் பாக்கெட்லயே கெடந்துச்சு.

வேலை கெடச்சுது. சிரிச்சுக்கிட்டே சந்துக்குள்ள நொழஞ்சவ பவுனக்கா கதவப் பாத்து அப்படியே நின்னுட்டா. பெயிண்ட் இன்னும் காயல.

சாயங்காலம் பவுனக்கா கேட்டப்ப வாய் முந்திக்கிச்சு. "நான் தொறந்துதான் வச்சிருந்தேன்க்கா. யாருமே வரல."

"அப்ப வராமலே பூட்டுன்னு எழுதிட்டான் பேதில போவான். வா நாளைக்கி, நாக்கப் புடுங்குற மாதிரி கேப்போம்."

பவுனக்காவுக்கு இந்தியும் மராத்தியும் காய்கறிக்கடையோட சரி. அதனால சர்வே ஆபீஸ்ல பேசுறதுக்கு எஸ்தரையே கூட்டிக்கிட்டுப் போனா. நிதினுக்கு இருவத்திரண்டு வயசு இருந்தா பெருசு. பவுனக்கா போட்ட சத்தத்துல அவன் சூப்பர்வைசரே உள்ள இருந்து எட்டிப் பாத்தாரு. நிதின் முகம் வெளுத்துப்போச்சு. போன்ல பூட்டோட போட்டோவ எடுத்து எஸ்தர்கிட்ட நீட்டி, மராத்தில மெதுவாக் கேட்டான். "எவ்வளவு நேரம் தட்டுனேன் தெரியுமா? உள்ள யார் இருந்தா சொல்லு. என் வேலை போயிடும்."

எஸ்தர் அந்தப் போட்டோவப் பாத்தா. சாவி தன்கிட்ட இருந்துச்சு, தான்தான் வெளிய போயிட்டேன்னு மராத்திலயே சொல்லிட்டா. மறுபடி வாங்க, அந்தக்கா நெஜமாவே அங்கதான் இருக்காங்கன்னு கெஞ்சுனா.

நிதின் அவளயே பாத்தான். "ஞாயித்துக்கிழமை வர்றேன். ஆனா நான் வந்தேன், தட்டுனேன்னு அந்தக்காகிட்ட நீ சொல்லணும்."

"சொல்றேன்."

"என்னட்டி சொல்லுதான்?"ன்னா பவுனக்கா.

"தப்பா எழுதிட்டாங்களாம்க்கா. ஞாயித்துக்கிழமை திரும்ப வர்றாங்களாம்."

"பாத்தியா? கேக்க நாதி இருந்தாத்தான் வழிக்கு வருவானுக." வீடு வர்ற வரைக்கும் பவுனக்கா அவ தோள்ல போட்ட கைய எடுக்கல. சந்து பூரா "எஸ்தரு பேசுனா பாரு மராத்தி, அந்தப் பொய்க்காரப் பய வாயடச்சு நின்னான்"னு சொல்லிச் சொல்லி மாய்ஞ்சா.

ஞாயித்துக்கிழமை நிதின் வந்தான். பவுனக்காவ வாசல்ல நிக்கவச்சு போட்டோ எடுத்தான், குறிய அழிச்சுட்டு நம்பர் எழுதுனான். அப்புறம் எஸ்தர் பக்கம் திரும்பி, மராத்தில "சொல்லிட்டியா?"ன்னு கேட்டான்.

"என்னவாம்?"ன்னா பவுனக்கா, மொறச்சுக்கிட்டே.

இப்பச் சொல்லிடலாம். வீடுதான் வந்தாச்சே. எஸ்தர் வாயத் தொறந்தா.

"தண்ணி கேக்குறாருக்கா."

பவுனக்கா முணுமுணுத்துக்கிட்டே சொம்புல மொண்டு வந்து நீட்டுனா. நிதினுக்குப் புரிஞ்சுபோச்சு. மறுக்காம வாங்கி, எஸ்தரப் பாத்துக்கிட்டே கடைசிச் சொட்டு வரைக்கும் குடிச்சான்.

"நல்ல தாகந்தான்"னா பவுனக்கா.