படத்தின் கடைசி ஆடு

கண்டிக்குள் நுழையும் மஹய்யாவ வளைவில் மூக்கையாக் கங்காணியின் கூட்டம் தலைகாட்டியபோது நான் கஞ்சிப் பானையோடு வாசலில் நின்றேன். முதலில் தெரிந்தது மூக்கையாவின் சிவப்புத் தலைப்பாகைதான். அதைக் கண்டதும் எனக்கு வந்த பெருமையை இன்று நினைக்கக் கூசுகிறது. கங்காணி முன்னால் வருகிறான். என் பேச்சைக் கேட்டுவிட்டான்.

அதில் பெருமைப்பட என்ன இருந்தது என்பதற்கு, அந்த நடை எப்படி நடக்கும் என்று சொல்லவேண்டும். கோப்பி இலையில் செம்புள்ளி நோய் விழுவதற்கு மூன்று வருடம் முந்திய புரட்டாசி அது. பழம் பறிக்கும் பருவத்துக்காக மன்னார்க் கரையில் இறங்கும் ஆட்கள் காட்டுவழியே கண்டிக்கு வரப் பத்துப் பன்னிரண்டு நாளாகும். பாதை தெரிந்த ஒருவன் முன்னால் போவான். அவனுக்குப் பின் ஆண்கள், நடுவில் பெண்களும் பிள்ளைகளும், பிறகு சட்டிபானை சுமப்பவர்கள், நடக்க முடியாதவர்கள். எல்லோருக்கும் கடைசியில், ஆளுயரக் கம்போடு கங்காணி. வழியில் உட்கார்ந்துவிட்டவனை அந்தக் கம்பு எழுப்பும். எப்படி எழுப்பும் என்பதை என் வாசலில் கஞ்சிக்குக் குனிந்த முதுகுகளில் பார்த்திருக்கிறேன்.

நான் யாழ்ப்பாணத்திலிருந்து மாட்டுவண்டியில் வந்த கிறிஸ்தவ உபதேசி. அந்தப் பாதையை நடந்து அறியாதவன். ஹந்தானை மலைச் சரிவிலுள்ள ஒரு தோட்டத்தில், துரையின் அனுமதியோடு, ஞாயிறுதோறும் கொட்டை சேர்த்துவைக்கும் கோப்பி ஸ்டோரில் வேதம் சொல்லிவந்தேன். அங்கே ஒரு படம் மாட்டியிருந்தேன். மேலே மலையுச்சியை நோக்கி மேய்ப்பன் நடக்கிறான். ஆடுகள் வளைந்து வளைந்து அவன் பின்னே ஏறுகின்றன. கடைசி ஆடு படத்தின் கீழ்விளிம்பில் நிற்கிறது. கப்பலில் சுருட்டி வந்த தடித்த காகிதம். எத்தனை நாள் விரித்து வைத்தாலும் கீழிருந்து சுருண்டுகொள்ளும்.

"தலைவன் ஆக்களைத் துரத்திறவன் இல்லை, மூக்கையா," என்றேன் முந்திய பருவத்தில் ஒருநாள். "முன்னுக்கு நடக்கிறவன். அவன்ர குரலைக் கேட்டு மற்றவை பின்னால வருவினம்."

அவன் படத்தை நெடுநேரம் பார்த்தான். பருவம் முடிந்து ஊருக்குப் புறப்படுமுன் தன் கம்பைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தான். நான் அதைப் படத்தின் கீழ்விளிம்பில் குறுக்காகக் கட்டினேன். கனம் இழுத்ததும் காகிதம் நேராக நின்றது. அதைவிட நல்ல பிரசங்கம் நான் செய்ததில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

"கல்யாண மாப்பிள்ளை மாதிரில்ல முன்னால நடந்தாரு எங்க கங்காணி," என்று, இப்போது என் வாசலில் கஞ்சிக்கு நின்ற கூட்டத்திலிருந்து ராக்கம்மா சிரட்டையை நீட்டினாள். "திரும்பிப் பாத்தா கழுத்து சுளுக்கிக்கும்னு பயம் போல."

கூட்டமே சிரித்தது. மூக்கையாவும் சிரித்தான்.

மன்னாரில் எண்ணிய ஆள் தொகையை அவன் ஒரு வண்டிக்காரனிடம் முன்கூட்டியே சொல்லியனுப்பியிருந்தான். அதன்படி நாற்பத்தொரு சிரட்டை கழுவி வைத்திருந்தேன். கஞ்சி ஊற்றி முடிந்தபோது ஒன்று மிஞ்சியது.

"அது எங்க வீட்டுக்காரருக்குங்க," என்றாள் சுப்பம்மா. அவள் மடியில் குழந்தை காய்ச்சலில் கிடந்தது. "பின்னால வர்றாரு. கால்ல முள்ளு."

பின்னால் யாரும் வரவில்லை. அவள் கணவன் அழகையாவைக் கடைசியாகப் பார்த்தது எங்கே என்று ஒவ்வொருவராகக் கேட்டோம். தம்புள்ளைக்கு இப்பால், காட்டில். அதற்குப் பிறகு இரண்டு இரவு போய்விட்டது. இரவில் பெண்கள் ஒரு கொட்டகையிலும் ஆண்கள் வேறொன்றிலும் படுத்தார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல், பெண்சாதியோடு இருப்பான் என்று ஆண்கள் நினைத்தார்கள். ஆண்களோடு இருப்பான் என்று அவள் நினைத்தாள். தினமும் பிந்தி வருகிறவன் என்பதால் அவன் வராதது யார் கண்ணிலும் படவில்லை. அவள் விசாரித்தபோதெல்லாம், 'பின்னால வர்றாரு' என்று தாங்கள் கேட்டதையே திருப்பிச் சொல்லியிருக்கிறார்கள். கம்பு இருந்த காலத்தில் கங்காணிக்குப் பின்னால் என்று ஓர் இடமே இருந்ததில்லை. அடி விழும். ஆனால் ஆள் விடுபடமாட்டான். இதை நான் யோசித்ததேயில்லை.

மூக்கையா சிரட்டையைக் கீழே வைத்தான். "நான் திரும்பிப் போறேன், உபதேசியாரே."

போ என்று சொல்லியிருக்கவேண்டும். ஆனால் ஹந்தானையில் பழம் சிவந்திருந்தது. கோப்பிப் பழத்தைப் பறித்த அன்றே தோல் உரிக்கவேண்டும். வைத்தால் குவியல் சூடேறிப் புளித்துக் கொட்டை கெடும். பறிக்காமல் விட்டால் மழையில் உதிரும். அதனால் ஒருநாளும் பிந்தாமல் கூட்டத்தையும் கங்காணியையும் துரை எதிர்பார்த்திருந்தார். கங்காணி எங்கே, அவன் மனதைக் கலைத்தது யார் என்று அவர் கேட்டால், ஞாயிற்றுக்கிழமை ஸ்டோர்க் கதவு எனக்குத் திறக்குமா? அந்தக் கணத்தில் நான் நினைத்தது கதவைத்தான்.

"முதல்ல இவையைத் தோட்டத்தில சேர்," என்றேன். "ஆரும் வண்டிக்காரர் அவனை ஏத்திக்கொண்டு வருவினம். இல்லாட்டி ஞாயிற்றுக்கிழமை துரையிட்ட நானே கேக்கிறன்."

"நீங்க சொன்னா சரிங்க," என்றான் மூக்கையா. மிஞ்சிய கஞ்சியைச் சுப்பம்மா குடிக்கவில்லை. சிரட்டையோடு கையில் எடுத்துக்கொண்டு மலை ஏறினாள்.

நான்கு நாளில் ஞாயிறு வந்தது. எந்த வண்டிக்காரனும் யாரையும் ஏற்றி வரவில்லை. துரை, கொட்டை காயவைக்கும் களத்தருகே நின்று மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் சரியில்லை. வணக்கம் மட்டும் சொன்னேன். ஜெபக் கூட்டம் முடிந்து கேட்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்று வாசிக்கவேண்டிய அதிகாரம், நூறு ஆடு வைத்திருந்தவன் ஒன்றைத் தொலைத்துத் தேடிப்போன கதை. பக்கத்தைத் திருப்பி வேறொன்றை வாசித்தேன்.

வாசித்து முடித்ததும் சுப்பம்மா எழுந்தாள். பழச்சாறு ஒட்டிக் கறுத்த விரலால் படத்தைக் காட்டினாள்.

"ஐயா, ஒண்ணு கேக்கவா? இந்த மேய்ப்பரு மேல போய்ச் சேந்ததும் எண்ணிப் பாப்பாருங்களா?"

"பாப்பார்," என்றேன்.

"கொறைஞ்சா?"

திருப்பிவிட்ட பக்கத்தில் என் விரல் இன்னும் செருகியிருந்தது. பதில் அங்கே இருந்தது. "மழை வரப்போகுது," என்றேன். "எல்லாரும் போய்க் கொட்டையை மூடுங்கோ."

யாரும் அசையவில்லை. கூட்டத்தின் கடைசியில், கதவோரம் உட்கார்ந்திருந்த மூக்கையா எழுந்து வந்தான். படத்தின்முன் குந்தி, கம்பின் முடிச்சை நிமிண்டினான்.

"காட்டுல கரடி கெடக்கு. வெறுங்கையோட போக முடியாதுங்க."

"துரை உன்னை வேலையால நிப்பாட்டிப்போடுவார், மூக்கையா."

"தெரியும்." இன்னொரு முறை இழுத்துப் பார்த்தான். "நீங்க கட்டுனது. எனக்கு அவுக்க வரல."

நானே குனிந்து அவிழ்த்தேன். நானும் வாறன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் என் செருப்பைப் பார்த்தான். பிறகு கம்பை எடுத்துக்கொண்டு, கோப்பிச் செடிகளுக்கிடையே இறங்கி, அவர்கள் வந்த மாத்தளைப் பாதையை நோக்கி நடந்தான். சுப்பம்மா பிள்ளையை இடுப்பில் வைத்தபடி களத்தின் விளிம்புவரை ஓடி, அங்கேயே நின்றாள். முதல் துளிகள் விழுந்தன. கொட்டையை மூட ஆட்கள் ஓடினார்கள்.

ஸ்டோரில் நான் மட்டும் நின்றேன். முதுகுக்குப் பின்னால் ஏதோ சரசரத்தது. திரும்பினேன். கனம் போன காகிதம் கீழிருந்து மெல்லச் சுருண்டு ஏறிக்கொண்டிருந்தது. மேய்ப்பன் அப்படியே மேலே நடந்துகொண்டிருந்தான். கடைசி ஆடு ஏற்கெனவே சுருளுக்குள் போயிருந்தது.