தோற்ற பிறகு சொல்லலாம்

அத்தான் கெட்டவர் இல்லை. பயந்தாங்கொள்ளி, அவ்வளவுதான். மனைவியின் தம்பியோடு நாலு வருஷமாக இரட்டையர் டென்னிஸ் ஆடி, ஊர் ஊராகப் போய், புதன்கிழமைக்குள் தோற்று, வியாழக்கிழமை பஸ் பிடிக்கிற மனுஷர். முப்பத்தாறு வயதில் அவருக்கு ஒரே ஒரு ஆசைதான் மிச்சம் இருந்தது. அடுத்த வாரம் தொடங்கும் பெரிய போட்டியில் ஒரு தடவையாவது ஆடிவிட வேண்டும். மச்சினனோடு பெயர் கொடுத்தால் தரவரிசையில் எட்டு இடம் பின்தங்கி வெளியே நிற்க வேண்டியதுதான். தரவரிசையில் மேலே இருந்த மொட்டையோடு கொடுத்தால் ஜம்மென்று உள்ளே போய்விடலாம்.

மொட்டை இந்த வாரம் நடந்த சின்னப் போட்டிக்கு வேறொருவனோடு ஜோடி போட்டு வந்திருந்தவன். அவனுடைய ஜோடிக்கு டாக்டர் என்று பெயர். படித்த டாக்டர் இல்லை, பை நிறைய மாத்திரை வைத்திருப்பான். செவ்வாய்க்கிழமை காலை, உடை மாற்றும் அறையில் ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டே மொட்டை கேட்டான்.

"அடுத்த வாரம் என்னோட ஆடுறீங்களாண்ணே? இவன் மாத்திரை வாடை எனக்கு ஒத்துக்கல."

அத்தான் யோசிக்கக்கூட இல்லை. அன்று மத்தியானமே இரண்டு பெயரையும் சீட்டில் எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டார்.

பெட்டி நடுவர் அலுவலகத்தில் இருந்தது. பெரிய போட்டிக்குச் சேர்ந்து ஆட விரும்பும் இருவர் சீட்டு எழுதிப் போட வேண்டும். சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்குத் திறப்பார்கள். ஒருவர் பெயர் இரண்டு சீட்டில் இருந்தால் இரண்டு சீட்டும் குப்பைக்கு. போட்ட சீட்டைத் திரும்ப எடுக்க, அதில் பெயர் உள்ள இருவரும் வந்து கையெழுத்துப் போட வேண்டும். மச்சினனோடு எழுதிய சீட்டு போன வாரமே உள்ளே கிடந்தது. அதை எடுக்க வேண்டும் என்றால் மச்சினனிடம் சொல்லியாக வேண்டும். சொன்னால் விஷயம் அவன் அக்காவுக்குப் போகும்.

"என் தம்பிய அம்போன்னு விட்டீங்க, அப்புறம் வீட்டுப் பக்கம் வந்துடாதீங்க" என்று அவள் முன்னாலேயே சொல்லி வைத்திருந்தாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

தோற்ற அன்றைக்கே பிரிவதுதான் இரட்டையர் ஆட்டக்காரர்களின் வழக்கம். கை குலுக்கி, பையைத் தோளில் மாட்டும்போது, "சரிப்பா, நான் வேற ஆள் பாத்துக்கறேன்" என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அத்தானும் அப்படித்தான் நினைத்தார். புதன்கிழமை தோற்போம், சொல்லிவிடலாம்.

புதன்கிழமை ஜெயித்துத் தொலைத்தார்கள்.

வியாழக்கிழமையும். வெள்ளிக்கிழமை அரையிறுதியில் அத்தான் மனசுக்குள் தோல்வியை வேண்டாத குறைதான். மச்சினனோ பேய் பிடித்த மாதிரி ஆடினான். ஜெயித்ததும் ஓடி வந்து கட்டிக்கொண்டான். வாய் வரைக்கும் வந்த வார்த்தையை அத்தான் எச்சிலோடு விழுங்கினார்.

இறுதி ஆட்டம் சனிக்கிழமை பத்து மணிக்கு. பார்க்க மனைவியும் ஊரிலிருந்து வந்துவிட்டாள். எதிரே யார் என்று நினைக்கிறீர்கள்? மொட்டையும் டாக்டரும்!

அத்தான் வலையருகே நின்று, முதுகுக்குப் பின்னால் விரலைக் காட்டி, மச்சினனின் சர்வ் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று சைகை செய்தார். கண் மட்டும் எதிரே நின்ற மொட்டையைப் பார்த்தது. பார்த்துக்கோ, அடுத்த வாரம் உனக்குக் கிடைக்கப்போற ஆளு எப்படின்னு! அந்த வீம்பில் பாய்ந்து பாய்ந்து அடித்தார். பந்து போன இடமெல்லாம் மச்சினன் நின்றான். கூப்பிட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. சைகைகூடப் பாதியில் தேவையில்லாமல் போயிற்று. கடைசிப் பந்து டாக்டரின் மட்டையில் பட்டு வெளியே போனபோது மணி பதினொன்று நாற்பது.

"அத்தான்! ஜெயிச்ச ஜோடிக்கு பெரிய போட்டில நேரா இடம் தருவாங்க, தெரியும்ல?" என்று மச்சினன் கத்தினான். "ரேங்கெல்லாம் பாக்க மாட்டாங்க, பெட்டில நம்ம சீட்டு செல்லுபடியா இருந்தா போதும்!"

தெரியும். எல்லாருக்கும் தெரிந்த விதிதான். ஆனால் தாங்கள் ஜெயிப்போம் என்று எந்த மடையன் கணக்குப் போட்டான்? இவனை விட்டால் எனக்கு ஆள் ஏது என்று அந்த நிமிஷம் அத்தானுக்கு உண்மையாகவே தோன்றியது. மொட்டையோடு எழுதிய சீட்டை உடனே எடுத்தாக வேண்டும். பரிசளிப்புக்கு இன்னும் நேரம் இருந்தது. "பாத்ரூம் போயிட்டு வர்றேன்" என்று மச்சினனிடம் சொல்லிவிட்டு, மொட்டையைத் தேடி உடை மாற்றும் அறைக்கு ஓடினார். அங்கே அவன் இல்லை. வேர்வை சொட்டச் சொட்ட நடுவர் அலுவலகத்துக்கு ஓடினார்.

உள்ளே மேஜைமேல் சாய்ந்துகொண்டு மச்சினன் நின்றிருந்தான்.

"நீ இங்க என்னடா பண்ற?"

"டவல் கேக்க வந்தேன் அத்தான். நீங்க?"

"நானும் டவலுக்குத்தான்."

"டவல் பக்கத்து ரூம்ல" என்றார் அலுவலக அம்மா, நிமிராமல். இரண்டு பேரும் நகரவில்லை.

கதவு திறந்தது. மொட்டை வந்தான். பயிற்சிக்கு மைதானம் காலியா என்று கேட்டுவிட்டு, பதிலைக் காதில் வாங்காமல் சுவரோரம் நின்றான். பின்னாலேயே டாக்டர் வந்து தண்ணீர் கேட்டான். நாலு டம்ளர் குடித்தான். போகவில்லை.

"நீ போடா, அக்கா தேடுவா" என்றார் அத்தான்.

"நீங்க போங்க அத்தான். உங்களுக்கும் சேர்த்து டவல் நான் வாங்கிட்டு வர்றேன்."

மணி பதினொன்று ஐம்பத்தெட்டு. வேண்டிய ஆள் அத்தனை பேரும் ஒரே அறையில் இருந்தார்கள். பேனா மேஜைமேல் கிடந்தது. தப்பு பண்ணிட்டேன்டா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பாவி மனுஷன், சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பு விதிகளை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தார்.

பன்னிரண்டு அடித்ததும் அந்த அம்மா பெட்டியைத் திறந்தார். ஒவ்வொரு சீட்டாக உரக்கப் படித்தார். அத்தானும் மச்சினனும். மொட்டையும் டாக்டரும். அடுத்தது அத்தானும் மொட்டையும். அத்தான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

"டாக்டரும் மச்சினனும்" என்று கடைசிச் சீட்டையும் படித்தார் அந்த அம்மா.

அத்தான் கண்ணைத் திறந்தார். யார் முகத்திலும் ஈயாடவில்லை. நாலு சீட்டும் குப்பைக் கூடைக்குப் போயின. காலியான இடத்தில் ஒன்று, முதல் சுற்றில் இவர்களிடம் செம அடி வாங்கி, புதன்கிழமையே பஸ் ஏறிவிட்ட ஜோடிக்குக் கிடைத்தது. அவர்கள் ஒரே சீட்டுதான் போட்டிருந்தார்கள்.

பரிசு மேடையில் கோப்பைக்கு ஒரு காது அத்தான் கையில், மறு காது மச்சினன் கையில். இரண்டு பேரும் பல் தெரியச் சிரித்தார்கள்.

"எப்பலேந்துடா?" என்று அத்தான் உதடு அசையாமல் கேட்டார்.

"திங்கக்கிழமை. நீங்க?"

"செவ்வாய்."

அப்பாடா, அவன்தான் முதலில்! மனைவியிடம் சொல்ல ஒரு வழி கிடைத்துவிட்டது என்று பெருமூச்சு விட்டார் அத்தான். அந்தப் பெருமூச்சு முடிவதற்குள், பெரிய போட்டி தனக்கு இனி இந்த ஜென்மத்தில் இல்லை என்பது நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. கோப்பை திடீரென்று கனத்தது. மச்சினனுக்கும் கனத்திருக்க வேண்டும், அவன் இன்னொரு கையையும் கொடுத்துத் தாங்கினான்.

கீழே மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு போனைத் தூக்கிப் பிடித்தாள்.

"ரெண்டு பேரும் இன்னும் கொஞ்சம் ஒட்டி நில்லுங்களேன்! அடுத்த வாரம் பெரிய போட்டில எடுக்கற போட்டோவையும் இதையும் சேர்த்து ஹால்ல மாட்டணும்."

ஒட்டி நின்றார்கள்.