டாக்டரிடம் சொன்ன பாவசங்கீர்த்தனம்

வரதராசன்பேட்டையில் என்னை மலடி என்று சொல்லாத வாய் இல்லை. நான்கு வருடமாக ஏலாக்குறிச்சி மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிக் கை சுட்டதுதான் மிச்சம். மாதா என்ன செய்வாள் பாவம்? என் புருஷன் சவரிமுத்து வாத்தியாருக்கு என் பக்கத்தில் வந்தாலே உடம்பு வெடவெடத்துப் போகும். உடனே சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். இது எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும். பழி எனக்கு.

சண்டை முடிந்து பர்மாவிலிருந்து வந்த தர்மன் டாக்டர் அரியலூரில் வைத்தியம் பார்க்கிறார், பட்டாளத்துக்காரர்களின் பயத்தைப் பேசிப் பேசியே தீர்த்தவர் என்று கேள்விப்பட்டேன். டானிக் வாங்கப் போவதாக மாமியாரிடம் சொல்லிவிட்டு, கரியில் ஓடும் பஸ்ஸில் என் புருஷனை இழுத்துக்கொண்டு போனேன்.

டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு எங்கள் இருவரையும் உட்காரவைத்தார்.

"ஒடம்புல ஒரு குறையும் இல்லம்மா. மனசுலதான் ஏதோ பயம். இவரு சனிக்கிழமை சனிக்கிழமை வரட்டும், பேசித்தான் இத எடுக்கணும். என்கிட்ட பேசுறத வூட்ல உங்ககிட்டயும் பேசணும். அதுதாம்மா மருந்து."

திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே அழுதுவிட்டேன். அவ்வளவு சந்தோஷம்.

சனிக்கிழமை வந்தால் குளித்து, வெளுத்த வேட்டி கட்டி, செபமாலையை மடியில் செருகிக்கொண்டு கிளம்புவார். முகம் மறைத்திருக்கும் சாமியார் காதில் பாவங்களைச் சொல்லி, பரிகாரமும் மன்னிப்பும் வாங்கக் கோயிலுக்குப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகும்போது செய்வதெல்லாம் அப்படியே. வந்ததும் முகம் தெளிந்திருக்கும். சிரிப்பார். மாட்டுக்குத் தண்ணீர்கூடக் காட்டுவார். படுத்தால் அதே சுவர்.

மாதம் ஒன்று போனது. பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"டாக்டர்கிட்ட என்னங்க சொன்னீங்க?"

"சொன்னத திரும்பச் சொல்லக் கூடாது லூர்து. பாவசங்கீர்த்தனத்துல சொன்னத வெளியில பேசுவாங்களா?"

"அவரு சாமியாரு இல்லங்க, டாக்டரு. என்கிட்டயும் பேசச் சொன்னாருல்ல?"

"அதுக்குப் பதிலாத்தான் தினம் செபமாலை சொல்றேனே. எல்லாத்தையும் சொல்லிட்டேன், பாரம் எறங்கிப் போச்சு. இனி அங்க போக வேண்டியதில்ல."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாரம் இறங்கியதாம்! இறங்கியது முழுவதும் என் தலையில் அல்லவா இருக்கிறது?

மறுநாள் பூசை முடிந்து வந்து, அவர் பலகையில் உட்கார்ந்ததும் எதிரே போய்த் தரையில் உட்கார்ந்தேன்.

"நீங்க சொல்ல வேணாம். நான் சொல்றேன், கேளுங்க. கெணத்தடியில பொம்பளைங்க என்னப் பாத்து மூஞ்சத் திருப்புறாங்க. உங்கம்மா வாயத் தெறந்தா மலடிங்குறாங்க. நான் யாருகிட்டயும் உங்களக் காட்டிக்குடுக்கல. புள்ளகூட வேணாங்க. ஒரு நாளாவது என் தலையத் தடவிக் குடுத்திருக்கீங்களா? நீங்க செத்துட்டா தேவலன்னுகூட நெனச்சிருக்கேன். உங்க கை என் மேல படணும்னு ஏங்கி ஏங்கி நான் செத்துக்கிட்டிருக்கேன்."

துண்டை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டார். காதை மட்டும் என் பக்கம் சாய்த்தார். கேட்கிறார், அழுகிறார் என்று நினைத்தேன்.

"வேற ஏதும் இருக்கா?" என்றார் மெதுவாக.

"இல்லங்க."

"பரிகாரமா மாதாவுக்குப் பத்துப் பிரியதத்த மந்திரம் சொல்லு. சமாதானமாப் போ."

கையைத் தூக்கினார். நான்கு வருடமாக என் மேல் படாத கை, என் நெற்றிக்கு ஒரு சாண் தள்ளி, காற்றில் சிலுவை போட்டது. நான் எழுந்து உலை வைக்கப் போனேன்.